ஆட்டக்காரர் பயிற்றுநர் ஆவது எப்படி? கோலாலம்பூர்த் தமிழர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

செந்தூல் பக்கம் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குக் காற்பந்து சொல்லிக் கொடுக்கிறேன். கோட்டுக்கு வெளியே நிற்கும் அப்பாமார்களும், லீக்கில் ஆடி ஓய்ந்த தம்பிகளும், மாமாக் சாப்பாட்டுக் கடையில் தே தாரிக் தேநீரோடு உட்காரும் பழைய ஆட்டக்காரர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே ஓரிடத்தில் எழுதி வைத்திருக்கிறேன். எல்லாக் கேள்விக்கும் ஒரே நீளத்தில் பதில் இருக்காது.

வயது முப்பத்திரண்டு. முட்டி ஒத்துழைக்கவில்லை. இனிமேல் பயிற்றுநராகக் கிளம்பலாமா, இல்லை நேரம் போய்விட்டதா?

போகவில்லை. ஆடிக்கொண்டிருந்தபோதே தொடங்கியிருந்தால் இந்நேரம் இரண்டு படி ஏறியிருப்பீர்கள், அவ்வளவுதான். ஆட்டக்காரரின் ஆயுள் குறைவு. இருபதில் அணிக்குள் நுழைந்து, இருபத்தைந்தில் பெயரெடுத்து, முப்பதைத் தொட்டதும் "அடுத்த சீசன் பார்க்கலாம்" என்ற பேச்சைக் கேட்க ஆரம்பிப்பார். பயிற்றுநரின் கணக்கு வேறு. அங்கே நாற்பது வயதுக்காரர் இளைஞர். கிளந்தான் மாநில அணி 2011ல் முதன்முறையாக நாட்டின் உச்ச லீக்கான சூப்பர் லீக்கை வென்றபோது அந்த அணியை நடத்திய எம். கராத்து அறுபதைத் தாண்டியவர். அந்தக் கணக்கில் உங்களுக்கு இன்னும் முப்பது வருடம் வேலை பாக்கி இருக்கிறது.

இன்னும் ஆடிக்கொண்டிருக்கும் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கிளப்பில் பதினான்கு வயதுக்குட்பட்டோர், பதினாறு வயதுக்குட்பட்டோர் என்று பிள்ளைகள் அணி இருந்தால், வாரத்தில் ஒரு மாலை அங்கே போய் நில்லுங்கள். கோன் எடுத்து வையுங்கள். சம்பளம் கேட்காதீர்கள். ஒப்பந்தம் முடியும் நாளில் "இவன் ஏற்கெனவே பிள்ளைகளோடு நிற்கிறவன்" என்று கிளப்பில் யாராவது ஒருவர் சொல்வதற்கு அது போதும்.

முதல் படி எது? எங்கே போய்ப் பதிய வேண்டும்?

டி லைசென்ஸ். மலேசியக் காற்பந்து சங்கத்தின் அடிப்படைச் சான்றிதழ் அது. தலைமையகம் கிளானா ஜெயாவில் இருந்தாலும், இந்த வகுப்புகளைப் பெரும்பாலும் மாநிலச் சங்கங்களே நடத்தும். நம்மவர்கள் கோலாலம்பூர், சிலாங்கூர் இரண்டு சங்கங்களின் அறிவிப்பையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இடம் சீக்கிரம் நிரம்பிவிடும். கட்டணம் இடத்துக்கு இடம் மாறும்.

அதற்கு மேலே ஆசியக் காற்பந்துக் கூட்டமைப்பின் சி, பி, ஏ லைசென்ஸ்கள், உச்சியில் புரோ டிப்ளோமா. சூப்பர் லீக் அணிக்குத் தலைமைப் பயிற்றுநராக நிற்க அந்த உச்சித் தகுதியை எதிர்பார்க்கிறார்கள். ஒரு படியை முடித்த மறுவாரமே அடுத்ததற்கு ஓட முடியாது. நடுவில் உண்மையான அணி ஒன்றை நடத்திய அனுபவத்தைக் கேட்பார்கள். மேல்நிலை வகுப்புகளைப் பகுதி பகுதியாகப் பிரித்து வைத்திருப்பார்கள். வகுப்புக்கும் வகுப்புக்கும் நடுவில் உங்கள் அணியோடு செய்ததை எழுதிக் காட்ட வேண்டும். கோல்கீப்பர் பயிற்சிக்கும் உடற்தகுதிப் பயிற்சிக்கும் ஃபுட்சாலுக்கும் தனித்தனிப் படிகள் உண்டு. கோல்கீப்பராக ஆடியவர்கள் அந்தத் தனிப் பாதையை யோசிக்கலாம். அங்கே கூட்டம் குறைவு.

டி வகுப்பின் செய்முறைத் தேர்வு எப்படி இருக்கும் என்று எல்லோரும் பயப்படுகிறார்கள். இப்படித்தான் இருக்கும்: கையில் ஒரு தலைப்பு, உதாரணத்துக்கு 'பந்தை வாங்கித் திரும்புதல்'. திடலின் ஒரு மூலை உங்களுடையது. உங்களோடு படிக்கும் ஆட்களே உங்கள் பிள்ளைகள். முப்பது, நாற்பது வயது ஆண்கள், சிலருக்குத் தொப்பையும் உண்டு, பத்து வயதுப் பையன்களாக நிற்பார்கள். நீங்கள் கோன் வைத்து, அணி பிரிக்கும் பிப் மேலாடை கொடுத்து, ஆட்டத்தை ஓட விட வேண்டும். சரியான கணத்தில் நிறுத்தி, ஒரே ஒரு விஷயத்தைத் திருத்தி, மறுபடி ஓட விட வேண்டும். நல்ல ஆட்டக்காரர்கள் விழுவது இங்கேதான். நிறுத்தியதும் ஐந்து நிமிடம் பேசிவிடுவார்கள். இல்லையென்றால் தாங்களே பந்தை வாங்கி ஆடிக் காட்டி, "பார்த்தீங்களா, இப்படித்தான்" என்று முடித்துவிடுவார்கள். தேர்வாளர் குறித்துக்கொள்வது நீங்கள் எப்படி ஆடுகிறீர்கள் என்பதை அல்ல. நிறுத்துவதற்கு முன் இருந்த ஆட்டத்துக்கும் பின் வந்த ஆட்டத்துக்கும் வித்தியாசம் இருக்கிறதா என்பதைத்தான்.

மாநிலத்துக்கே ஆடியவன் நான். என்னைப் போய் டி வகுப்பில் சின்னப் பையன்களோடு உட்காரச் சொல்கிறீர்களே?

உட்காருங்கள் அண்ணே. ஆட்டக்காரராக வாங்கிய பெயர் முதல் கதவைத் திறக்கும், இரண்டாவது கதவைத் திறக்காது.

டோல்லா சாலேயைப் பாருங்கள். சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் கோல் அடித்த பெரிய பெயர். பயிற்றுநராகவும் சோடை போனவர் அல்ல. பகாங் 2013ல் மலேசியக் கிண்ணத்தை வென்றது அவர் காலத்தில்தான். தேசிய அணியை எடுத்து 2014ல் தென்கிழக்காசிய நாடுகள் மோதும் சுசுகி கிண்ணத்தின் இறுதியாட்டம் வரை கொண்டுபோனார். அடுத்த வருடம் செப்டம்பரில் அபுதாபியில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் பத்துக்கு பூஜ்யம். அத்தோடு அவரே விலகினார். ஆட்டக்காரராக அவர் அடித்த கோல் ஒன்றுகூட அன்றைக்குக் கைகொடுக்கவில்லை.

இன்னொரு பக்கம் லிம் தியோங் கிம். ஜெர்மனியில் ஹெர்தா பெர்லினுக்கு ஆடப் போனவர், அங்கேயே படித்து பாயர்ன் மியூனிக் கிளப்பின் இளையோர் பிரிவில் பயிற்றுநராக வருடக் கணக்கில் வேலை செய்தார். ஜெர்மன் இளையோருக்குச் சொல்லிக் கொடுக்க மலேசியரை அழைத்தார்கள் என்றால், அது அவருடைய பழைய ஆட்டத்துக்காக மட்டும் இருக்க முடியாது.

நம் தமிழர்களில் பயிற்றுநராக உச்சிக்குப் போனவர் யார்?

கே. ராஜகோபால். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

அவர் தேசிய அணியை எடுத்த நேரத்தை முதலில் நினைத்துப் பாருங்கள். 2009 ஜனவரியில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் ஐக்கிய அரபு சிற்றரசிடம் ஐந்து கோல் வாங்கித் தோற்று, அப்போதைய பயிற்றுநர் பி. சத்தியநாதனின் பதவி போயிருந்தது. (ஆமாம், அதே சிற்றரசு. ஆறு வருடம் கழித்து டோல்லாவையும் அனுப்பி வைத்த அணி.) மக்களுக்கு மலேசியக் காற்பந்து என்றாலே சிரிப்பு. மாமாக் கடைப் பெரிய திரையில் மான்செஸ்டர், லிவர்பூல்தான். நம் அணி ஆடுகிறது என்றால் சேனலை மாற்றச் சொல்வார்கள்.

ராஜகோபால் பழைய பெயர்களைப் பிடித்துத் தொங்கவில்லை. இருபது, இருபத்தொரு வயதுப் பையன்களை எடுத்தார். அதே வருடம் டிசம்பரில் லாவோஸ் தலைநகர் வியன்தியானில் தென்கிழக்காசிய நாடுகளின் சீ விளையாட்டு. இறுதியில் வியட்நாமை 1-0 என்று வென்றார்கள். வியட்நாம்காரர் ஒருவர் தன் வலைக்குள்ளேயே தட்டிவிட்ட கோல், ஆட்டம் முடிய சில நிமிடம் இருக்கும்போது. அதிர்ஷ்டம் என்று சொன்னவர்கள் உண்டு. சொல்லட்டும். 1989ல் கோலாலம்பூரில் வென்ற பிறகு இருபது வருடமாக வராத தங்கம் அது.

2010 சுசுகி கிண்ணத்தில் முதல் ஆட்டத்திலேயே ஐந்து கோல் வாங்கினார்களே. பிறகு எப்படி வென்றார்கள்? ராஜகோபால் என்ன செய்தார்?

என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். பயிற்றுநராக வேண்டும் என்கிற ஒவ்வொருவரும் இதை வரிசையாகத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

டிசம்பர் 1, ஜகார்த்தா. இந்தோனேசியா 5, மலேசியா 1. மறுநாள் இங்கே பேச்சு எப்படி இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. அந்த இடத்தில் பாதிப் பயிற்றுநர்கள் அணியைத் தலைகீழாகக் கவிழ்த்துவிடுவார்கள். ராஜகோபால் பையன்களைக் கைவிடவில்லை. அடுத்து தாய்லாந்தோடு 0-0. கோல் அடிக்காத ஆட்டம்தான், ஆனால் மூன்று நாள் முன்பு ஐந்து வாங்கிய அணி ஒன்றுகூட வாங்காமல் வெளியே வந்தது. பிறகு லாவோஸை 5-1. அரையிறுதியில் வியட்நாம் வந்தது, நடப்பு வெற்றியாளர். புக்கிட் ஜாலிலில் 2-0, இரண்டும் சஃபீ சாலி. ஹனோயில் போய் 0-0. எண்களைக் கவனியுங்கள். வியட்நாமோடு நூற்றெண்பது நிமிடத்தில் கோலே வாங்கவில்லை. முதலில் பின்வரிசையைப் பூட்டினார், பிறகுதான் முன்வரிசை பேசியது.

டிசம்பர் 26, புக்கிட் ஜாலில், இறுதியின் முதல் ஆட்டம். மறுபடி இந்தோனேசியா. இரண்டாம் பாதியில் பார்வையாளர் பகுதியிலிருந்து யாரோ பச்சை லேசர் அடித்ததாக இந்தோனேசிய கோல்கீப்பர் முறையிட, ஆட்டம் நின்றுபோனது. அது நம் பக்கத்து அசிங்கம், பூசி மெழுக வேண்டாம். மறுபடி தொடங்கிய பிறகு நோர்ஷாருல் இடது பக்கம் தடுப்பாட்டக்காரரை ஏமாற்றி உள்ளே நுழைந்து கொடுத்த பந்தை சஃபீ வலைக்குள் தள்ளினார். 61வது நிமிடம். 68ல் அஷாரி. 73ல் மறுபடி சஃபீ. பன்னிரண்டு நிமிடத்தில் மூன்று கோல்.

டிசம்பர் 29, கெலோரா புங் கார்னோ. அரங்கம் முழுக்கச் சிவப்பு. முதல் பாதியில் இந்தோனேசியாவுக்குப் பெனால்டி. ஃபிர்மான் உத்தினா அடித்ததை இருபத்தொரு வயது கைருல் ஃபாஹ்மி பிடித்துவிட்டார். அது உள்ளே போயிருந்தால் இந்தக் கதை வேறு. இரண்டாம் பாதியில் சஃபீ ஒன்று அடிக்க, இந்தோனேசியா இரண்டு திருப்பி அடித்தது. ஆட்டத்தில் 2-1 தோல்வி, மொத்தக் கணக்கில் 4-2 வெற்றி. நாடு முதன்முறையாக அந்தக் கிண்ணத்தைத் தூக்கியது. டிசம்பர் 31ஐப் பிரதமர் பொது விடுமுறையாக அறிவித்தார். அணியில் எஸ். குணாளனும் கே. குருசாமியும் இருந்தார்கள் என்பதை நம் வீடுகளில் தனியாகச் சொல்லிக்கொண்டோம்.

ராஜகோபால் என்ன செய்தார் என்றால், நான் சொல்வது இதுதான்: ஒரு வருடம் முன்பே சீ விளையாட்டில் சேர்ந்து ஆடிய பையன்களை அப்படியே தூக்கிக்கொண்டு வந்தார். 5-1 தோல்வியில் அவர்கள் உடையாததற்குக் காரணம் அந்தப் பழக்கம். அன்றைக்குத்தான் ஒருவரை ஒருவர் பார்த்தவர்களாக இருந்திருந்தால் சிதறியிருப்பார்கள்.

அவ்வளவு செய்தவரை ஏன் வைத்துக்கொள்ளவில்லை?

வெற்றிக்கு இங்கே ஞாபகசக்தி குறைவு. 2011 ஜூலையில், கிண்ணம் வாங்கி ஏழு மாதம்கூட ஆகவில்லை, உலகக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரிடம் 5-3 என்று தோற்று, இங்கே 1-1 சமன் செய்து வெளியேறினோம். அத்தோடு முணுமுணுப்பு தொடங்கிவிட்டது. 2012 சுசுகி கிண்ணத்தில் அரையிறுதியில் தாய்லாந்து நிறுத்தியது. 2013 முடிவில் அவர் காலம் முடிந்தது.

என் பார்வையில் நாலு வருடத்துக்கு மேல் ஒரு மலேசியப் பயிற்றுநரைத் தேசிய அணியில் வைத்திருந்ததே பெரிய விஷயம். அவருக்குப் பிறகு வந்தவர்களைப் பார்த்தால் தெரியும்.

சத்தியநாதன் தோற்று வெளியே போனவர்தானே? அவரைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

தோற்று வெளியே போனவர் அடுத்து என்ன செய்தார் என்பதற்காகத்தான்.

2009 தொடக்கத்தில் தேசிய அணி போனது. அடுத்த வருடம் கிளந்தானில் உட்கார்ந்தார். அக்டோபர் 30, 2010, புக்கிட் ஜாலில்: கிளந்தான் 2, நெகிரி செம்பிலான் 1. கிளந்தான் தன் வரலாற்றில் முதல் மலேசியக் கிண்ணத்தை வாங்கியது. மேலே சொன்ன சுசுகி இறுதிக்கு இரண்டே மாதம் முன்பு. ஒரே வருடத்தின் கடைசியில், ஒரே அரங்கத்தில், நாட்டின் இரண்டு பெரிய ஆட்டங்களிலும் வென்ற அணியின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர்கள் இரண்டு தமிழர்கள். அடுத்த வருடம் கராத்து அதே கிளந்தானுக்கு லீக் வாங்கிக் கொடுத்தார். இதை நம் பிள்ளைகளுக்கு யாரும் சொல்வதே இல்லை. தமிழர் காற்பந்து என்றால் எழுபதுகளில் 'ஸ்பைடர்மேன்' ஆறுமுகம், எம். சந்திரன் என்று அங்கேயே நின்றுவிடுகிறோம்.

சத்தியநாதன் அதோடு நிற்கவில்லை. ஆயுதப் படை அணியான ஏடிஎம்மை எடுத்து 2012ல் சூப்பர் லீக்குக்கு அடுத்த நிலையில் இருந்த மலேசிய பிரீமியர் லீக்கை வென்று, அதே வருடம் மலேசியக் கிண்ண இறுதிக்கும் கொண்டுபோனார். பிறகு ஃபெல்டா யுனைடெட், சிலாங்கூர். பயிற்றுநர் சங்கத்துக்குத் தலைவராக இருந்தார். மனதில் பட்டதைப் பத்திரிகைக்காரர்களிடம் நேராகச் சொல்லிவிடுவார். அதனால் கிடைத்ததும் உண்டு, போனதும் உண்டு. 2023 ஜூலையில் காலமானார்.

பதவி போன பயிற்றுநர் கேட்டால் நான் இவர் பெயரைத்தான் சொல்வேன். இந்தத் தொழிலில் வேலை போவது சாதாரணம். போன பிறகு எவ்வளவு சீக்கிரம் திடலுக்குத் திரும்புகிறீர்கள் என்பதுதான் பேச்சு.

உதவிப் பயிற்றுநர் வேலை கொடுக்கிறார்கள். தலைமை இல்லாமல் போவதா? மரியாதைக் குறைவாக இருக்கிறதே.

போங்கள். 2010ல் ராஜகோபாலுக்குப் பக்கத்தில் உதவியாக உட்கார்ந்திருந்தவர் டான் செங் ஹோ, பழைய கெடா ஆட்டக்காரர். அங்கே கற்றுக்கொண்டு கெடாவுக்குப் போய் 2016ல் மலேசியக் கிண்ணத்தை வாங்கினார். அதற்குப் பிறகு அவரையே தேசிய அணிக்கு அழைத்தார்கள். 2018 சுசுகி கிண்ணத்தில் இறுதிவரை வந்து வியட்நாமிடம் ஒரு கோல் வித்தியாசத்தில் கிண்ணத்தை விட்டார்.

உதவியாளருக்குத் திட்டு குறைவு, கற்பது அதிகம். ஆட்டக்காரன் தலைமைப் பயிற்றுநரிடம் சொல்லாததை உங்களிடம் சொல்வான்: வீட்டில் சண்டை, தொடையில் இழுப்பு, ஏஜெண்டு அழுத்தம். அதில் எதை மேலே சொல்வது, எதை அமுக்குவது என்பதே பாதித் தொழில்.

பெரிய கிளப்புகள் வெளிநாட்டுப் பயிற்றுநரையே தேடுகின்றனவே. நம்மவருக்கு இடமே இல்லையா?

குறைவுதான். கோலாலம்பூர் சிட்டி 2021ல் ஜொகூரை 2-0 வென்று மலேசியக் கிண்ணம் வாங்கியபோது நடத்தியவர் குரோஷியாக்காரர் போயான் ஹோடாக். நன்றாகச் செய்தார், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இதே நகரம் 1987, 88, 89 என்று மூன்று வருடம் தொடர்ந்து அந்தக் கிண்ணத்தை வாங்கியது உள்ளூர்க்காரர் சௌ குவாய் லாம் கீழே. வெளிநாட்டுக்காரர் இரண்டு ஆட்டம் தோற்றால் "நேரம் கொடுங்கள்" என்பார்கள், உள்ளூர்க்காரர் தோற்றால் அன்றிரவே கூட்டம் போடுவார்கள். இது மாற வேண்டும். மாறும்வரை கையில் உயர்ந்த லைசென்ஸ் இல்லாமல் வாசலில் நிற்பதில் பிரயோசனம் இல்லை.

பினாங்கை ஒரு நல்ல உதாரணமாகச் சொல்வேன். அந்த அணிக்கே ஆடிய மன்சூர் அஸ்விராவிடம் பொறுப்பைக் கொடுத்தார்கள். 2020ல் பிரீமியர் லீக்கை வென்று அணியை மேலே கொண்டுவந்தார்.

சம்பளம் ஒழுங்காக வருமா?

உண்மையைச் சொல்கிறேன்: வராமலும் போகும். மலேசிய லீக்கில் சம்பள பாக்கி பழைய வியாதி. மலாக்கா யுனைடெட், சரவாக் யுனைடெட் இரண்டுக்கும் 2023 சீசனுக்கு உரிமமே கிடைக்காமல் போனது இந்தப் பாக்கியினால்தான். பிஜே சிட்டி 2022க்குப் பிறகு விலகிவிட்டது. நம் இந்தியர் காற்பந்து சங்கமான மிஃபாவின் அணியாகத் தொடங்கி, கடைசியில் உள்ளூர் ஆட்டக்காரர்களை மட்டும் வைத்து ஆடிய கிளப் அது. அணி போனால் ஆட்டக்காரருக்கு இன்னொரு அணி கிடைக்கலாம். பயிற்றுநர் குழு மொத்தமாக வீட்டுக்குப் போகும்.

ஆகவே கையெழுத்துப் போடும் முன் பாருங்கள். ஒப்பந்தம் எத்தனை மாதம்? சீசன் முடியும்வரையா, வருடம் முழுக்கவா? இடையில் நீக்கினால் எத்தனை மாதச் சம்பளம்? இபிஎஃப் (ஓய்வுக்காலச் சேமிப்பு), சொக்சோ (விபத்துக் காப்புறுதி) கட்டுகிறார்களா, இல்லை 'அலவன்ஸ்' என்ற பெயரில் எல்லாவற்றையும் ஒதுக்கிவிடுகிறார்களா? வாய்ச்சொல்லாக போனஸ் சொன்னால் தாளில் கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் நிர்வாகம் சம்பள நாளிலும் அப்படித்தான் இருக்கும்.

பகுதி நேரமாகச் சொல்லிக் கொடுப்பவர்கள் இபிஎஃப்பில் தாங்களாகவே போடலாம். சுயதொழில் செய்பவர்களுக்கு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கும் திட்டம் இருக்கிறது. சொக்சோவிலும் சுயதொழில்காரர்களுக்குத் தனித் திட்டம் உண்டு. பயிற்சித் திடலில் கால் உடைவது பிள்ளைகளுக்கு மட்டும் நடப்பதல்ல.

லீக் வேண்டாம், சொந்தமாக அகாடமி தொடங்கிவிடலாமா?

இன்றைக்குக் கோலாலம்பூரில் முன்னாள் ஆட்டக்காரர் வயிறு வளர்க்கக்கூடிய நிலையான வழி அதுதான் என்று நினைக்கிறேன். லீக் பெருமை தரும். வாடகை கட்டுவது சனி, ஞாயிறு பிள்ளைகள் வகுப்பு.

ஆனால் இதற்கு ஆட்டத்தைவிட நிர்வாகம் அதிகம். முதலில் திடல். டிபிகேஎல் (கோலாலம்பூர் மாநகராட்சி) திடலுக்கு முன்பதிவு வேண்டும். நல்ல நேரமெல்லாம் ஏற்கெனவே யாரோ பிடித்து வைத்திருப்பார்கள். பள்ளித் திடல் கிடைத்தால் பாக்கியம், ஆனால் நகரத் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றில் திடல் என்பது சபைகூடும் இடத்தைவிடச் சற்றே பெரியது. அதனால் பலர் கூரை போட்ட ஃபுட்சால் கோர்ட்டில் தொடங்குகிறார்கள். அது கெட்ட யோசனை இல்லை. ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்குப் பெரிய திடல் தேவையே இல்லை. சின்ன இடத்தில் பந்து அடிக்கடி காலுக்கு வரும். பெரிய திடலில் பதினொருவராக நிறுத்தினால் பாதிப் பேர் புல் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள்.

அடுத்து பெற்றோர். கோட்டுக்கு வெளியே நின்று "அடி! அடி! ஏன் பாஸ் கொடுக்கிற?" என்று கத்தும் அப்பா எல்லா வகுப்பிலும் ஒருவர் இருப்பார். அந்தப் பையனைப் பாருங்கள்: பந்து காலில் பட்டதும் முதலில் தலையைத் தூக்கி அப்பாவைத்தான் பார்ப்பான், சக ஆட்டக்காரனை அல்ல. அப்பாவைப் பிள்ளை முன்னால் கண்டிக்காதீர்கள். வகுப்பு முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, அடுத்த வாரம் நீங்க அந்தப் பக்கம் பந்து பொறுக்கிக் கொடுங்க, ஆள் பத்தல" என்று ஒரு வேலை கொடுங்கள். கை வேலையாக இருந்தால் வாய் குறையும்.

கட்டணத்தை மாத முதல் வாரத்தில் வாங்குங்கள். கட்ட முடியாத பிள்ளை எப்போதும் இருக்கும். இலவசமாகச் சேர்ப்பது உங்கள் இஷ்டம், ஆனால் அது மற்றவர்களுக்குத் தெரிய வேண்டாம். பிள்ளைக்கு அதனால் கூச்சம் வரும்.

விட்டுக்கொடுக்கக் கூடாத சில: முதலுதவிப் பெட்டியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஆளும். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு அவசரத் தொலைபேசி எண். ஆஸ்துமா இருக்கிறதா என்று சேரும்போதே கேட்டு எழுதிக்கொள்வது. பெரியவர் எவரும் பிள்ளையோடு மூடிய அறையில் தனியாக இருக்கக் கூடாது, காரில் தனியாக ஏற்றிப் போகக் கூடாது என்ற விதி. "நம்ம பிள்ளைங்கதானே" என்று இதைத் தளர்த்துபவரிடம் என் பிள்ளையை நான் விட மாட்டேன்.

மகனுக்குப் பதினொரு வயது. நன்றாக ஆடுகிறான். படிப்பை விட்டு இதில் விடலாமா?

படிப்பை விட வேண்டிய அவசியமே இல்லை. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி, பகாங் கம்பாங்கில் உள்ள மொக்தார் டஹாரி அகாடமி இரண்டிலும் படிப்பும் சேர்ந்தே நடக்கிறது. தேர்வு கடுமை. கிடைக்காவிட்டால் உலகம் முடிந்துவிடாது. பிற்காலத்தில் லைசென்ஸ் வகுப்பில் எழுதவும், பேசவும், அறிக்கை கொடுக்கவும் இந்தப் படிப்புதான் வரும்.

பெண்கள் இந்தத் தொழிலுக்கு வரலாமா?

தாராளமாக. லைசென்ஸ் பாதை ஒன்றேதான். பெண் பிள்ளைகளைக் காற்பந்துக்கு அனுப்பத் தயாராக இருக்கும் தாய்மார்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி "லேடி கோச் இருக்காங்களா?" என்பது. பெரும்பாலும் இல்லை என்றே பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. பள்ளி, கல்லூரி அணிகளில் ஆடிய தங்கைகள் டி லைசென்ஸ் எடுத்து வைத்தால், வேலை தேடி அலையத் தேவையிருக்காது.

எனக்கு மலாய் அவ்வளவு சரளமாக வராது. தமிழிலேயே சொல்லிக் கொடுக்கலாமா?

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்குத் தாராளமாக. லீக் அணிக்குப் போனால் உடைமாற்றும் அறையின் மொழி மலாய்தான், வகுப்புகளும் மலாய், ஆங்கிலத்தில்தான். திடலில் தேவைப்படும் மலாய் அதிகமில்லை. தோற்ற ஆட்டத்துக்குப் பிறகு இருபத்தைந்து ஆண்களிடம் நிதானமாகப் பேசத் தேவைப்படும் மலாய்தான் கஷ்டம். அதைப் பழகுங்கள்.

மாலையில் மழை வந்துவிடுகிறது. வகுப்பு நின்றால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டுமா?

கோலாலம்பூரில் நாலு மணிக்கு மேல் வானத்தை நம்பி யாரும் தொழில் செய்ய முடியாது. அதனால் சேரும்போதே தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்: பாதி நேரத்துக்குமுன் நின்றால் மாற்று வகுப்பு, பாதிக்கு மேல் நடந்திருந்தால் கணக்கில் சேரும். பணமாகத் திருப்பித் தருவதைவிட மாற்று வகுப்பு இரண்டு பக்கத்துக்கும் நல்லது.

வெறும் தூறலுக்கு நிறுத்த வேண்டாம், பிள்ளைகளுக்கு அது கொண்டாட்டம். இடி கேட்டால் மட்டும் எந்தப் பேச்சும் கிடையாது. பந்து, கோன் எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு, பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் கொண்டுபோங்கள். மரத்தடியில் நிறுத்தாதீர்கள், இரும்புக் கோல் கம்பத்துப் பக்கம் நிறுத்தாதீர்கள். கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகும்வரை திடலில் கால் வைக்க விடாதீர்கள். "இன்னும் பத்து நிமிஷம்தானே கோச்" என்று பெற்றோரே கேட்பார்கள். முடியாது என்று சொல்லுங்கள்.